நம்ம வீட்டு வண்டி

வண்டி பட்டறைக்குள் வந்து நின்றதும் லெவல் அதன் கிட்டே போகமாட்டார். பின்பக்கமாகப் பத்தடி தள்ளிப் போய், ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். வண்டிக்காரர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்தி அடக்குவார். கொஞ்ச நேரம் கழித்து, "இடது பின்னாடி ஒரு விரல் இறங்கியிருக்கு" என்பார். டேப்பை வைத்து அளந்தால் சரியாக ஒரு விரல்தான் இருக்கும். அதனால்தான் அவருக்கு லெவல் என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் இருந்தது. வீட்டுக்கு யாராவது போன் செய்தால் அவர் மனைவிகூட, "லெவல் குளிக்கிறாரு, அப்புறமா கூப்பிடுங்க" என்றுதான் சொல்வாள்.

சஸ்பென்ஷன் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். இன்ஜினில் சத்தம் என்று வந்தால் அடுத்த தெருவுக்குக் கை காட்டிவிடுவார். பின்சக்கரங்களுக்கு மேலே, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். வண்டியின் பாரமெல்லாம் அதன் மேல்தான். வருஷக்கணக்கில் சுமந்து சுமந்து அது வளைவு போய்த் தட்டையாகிவிடும். லெவல் அதைக் கழற்றி, மறுபடி வளைவு கொடுத்து, வேண்டுமானால் இன்னொரு பட்டை சேர்த்து மாட்டினால், தரையோடு தரையாகக் கிடந்த வண்டி எழுந்து நிற்கும். நன்றாகச் செய்வார். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, முக்கியமாக அவருக்கு.

தொழிலைக் குறை சொல்லாதவர்களும் வாயைக் குறை சொல்வார்கள். வந்த வண்டியில் முன்பு யார் வேலை செய்தது என்று கேட்டுவிட்டு, அந்த ஆளை எதிரில் நிற்கவைத்த மாதிரி உரித்துத் தொங்கவிடுவார். "இதை மாட்டினவரு மெக்கானிக்கா, கட்டில் செய்யுறவரா?" என்பார். "போல்ட்டை முறுக்கச் சொன்னா மீசையை முறுக்கியிருக்காரு" என்பார். பக்கத்துக் கடை டிங்கர், பத்து மணி டீயைத் தன் கடையில் குடிக்காமல் டம்ளரோடு இங்கே வருவதே இதைக் கேட்கத்தான். சிரிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் லெவலைப் பிடித்து நிறுத்த முடியாது.

அந்த வாயில் அடிக்கடி மாட்டுவது மச்சினன், மனைவியின் தம்பி. அக்கா புருஷன் கேலி செய்வதும், மச்சினன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வதும் எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. இரும்பை மயிரிழை பிசகாமல் அளக்கிற மனிதருக்கு இந்த அளவு மட்டும் பிடிபடவே இல்லை. கல்யாணத்தன்று ஆரம்பித்தவர் பதினாறு வருஷமாக ஓயவில்லை. மச்சினன் நிதானமான ஆள், எதைக் கேட்டாலும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். "மாப்ளே, பதில் கிளம்பிடுச்சா, இல்ல இன்னும் ஷெட்லயே நிக்குதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சிரித்துக்கொள்வார்.

மச்சினனிடம் ஒரு பழைய எஸ்.யு.வி. இருந்தது. குன்றுகளின் மேல் நிற்கும் போன் டவர்களுக்குப் பாட்டரிகளும் டீசல் கேன்களும் ஏற்றிக்கொண்டு போவது அவன் பிழைப்பு. அவனுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. பள்ளி விடுமுறை நாட்களில் அப்பாவோடு முன்சீட்டில் உட்கார்ந்து டவருக்குப் போவதுதான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய காரியம். 'என் அப்பா மேகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார்' என்று பள்ளிக் கட்டுரையில் எழுதி, டீச்சரிடம் 'மிக நன்று' வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தாளை மச்சினன் வண்டியின் முன்பெட்டியில் மடித்து வைத்திருந்தான்.

மழைக்குப் பிறகு குன்றுப் பாதை கெட்டுப்போய், கற்கள் நிமிர்ந்து வண்டியின் அடியில் இடிக்கத் தொடங்கின. அதே சமயம் டவர் கம்பெனிக்காரர்கள் ஒரு நடைக்கு ஆறு பாட்டரி என்றிருந்ததைப் பத்தாக்கிவிட்டார்கள். மச்சினன் பட்டறைக்கு வந்து, வழக்கம்போல யோசித்துவிட்டு, "அத்தான், வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. லோடும் தாங்கணும்" என்றான்.

"கொஞ்சம் என்ன மாப்ளே, நாலு விரல் தூக்கிடறேன். மேலே ஏறினா உனக்கு மூச்சு முட்டும், பார்த்துக்க."

இரண்டு நாள் வேலை. பட்டைகளுக்கு வளைவு கொடுத்து, கனமான ஒரு பட்டையைக் கூடச் சேர்த்தார். நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினார். முன்பக்கத்தையும் அதே அளவுக்கு உயர்த்தினார். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் இழுபடக்கூடாது என்று அதையும் நீளமாக மாற்றினார். பின்சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலை இறக்க வசதியாக, அதற்கும் மேலே இருக்கிற சட்டத்துக்கும் நடுவில் ஓடிய ஒரு மெல்லிய கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேலை முடிந்ததும் அதை எந்தத் துளையிலிருந்து எடுத்தாரோ அதே துளையில் மாட்டினார். பிறகு பத்தடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நீர்மட்டம் வைத்த மாதிரி நின்றது வண்டி.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பட்டறை மூலையில் இருபது மணல் மூட்டைகள் கிடக்கும். லோடு வண்டி எது வந்தாலும், வேலை முடிந்ததும் அந்த மூட்டைகளை ஏற்றி, பின்பக்கத்து மைதானத்தில் ஓட்டி, பிரேக் அடித்துப் பார்த்த பிறகுதான் சாவி கைமாறும். வண்டிக்காரர் அவசரப்பட்டால், "அவசரம்னா ஆட்டோ பிடிச்சுப் போங்க" என்பார். அன்றைக்கும் மூட்டைகளைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார். வெயில் இருந்தது, நேரம் இருந்தது, உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுத்து வெட்டுகிற தையல்காரர் தன் வீட்டுச் சட்டைக்கு மட்டும் கண் மதிப்பில் கத்தரி போடுவார் இல்லையா, அந்த மாதிரி, 'நம்ம வீட்டு வண்டிதானே' என்று விட்டுவிட்டார். சாயங்காலம் அதை ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிறுத்தி, மனைவி அண்ணாந்து பார்த்து, "இதுல ஏற ஸ்டூல் போடணும் போலிருக்கே" என்று சொன்னதைக் கேட்டு ரசிப்பதில்தான் அவர் மனம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து மச்சினன் வந்தான். பத்து மணி. டிங்கர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார், வேறு இரண்டு வண்டிக்காரர்களும் இருந்தார்கள்.

"அத்தான், காலியா ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியல. லோடு ஏத்துனா பிரேக் முன்ன மாதிரி இல்ல. முன்னாடி மூக்கு குத்துது, பின்னாடி வண்டி நிக்காம தள்ளிக்கிட்டே வருது."

தொழில் தெரிந்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் லெவல் அடுத்த நிமிஷம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். சொன்னது மச்சினன். சிரிக்க மூன்று பேர் வேறு இருந்தார்கள்.

"மாப்ளே, வண்டி உசந்துடுச்சு, நீ உசரல. அதான் விஷயம்" என்றார். டிங்கருக்கு டீ புரையேறியது. லெவல் சாவியை வாங்கி, காலி வண்டியில் ஏறி, பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோருக்கும் முன்னால் பிரேக் அடித்தார். வண்டி நறுக்கென்று நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிக்குதா இல்லையா? நடுவுல இருக்கிறது பிரேக்கு மாப்ளே. வலது பக்கம் இருக்கிறதை மிதிச்சா அது ஓடத்தான் செய்யும்" என்றார்.

மச்சினனும் சிரித்தான். இறங்கிய அத்தானிடம் சாவியை வாங்கிக்கொண்டு, "பழகிக்கறேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை அது நடந்தது. மேலே இருந்த டவரில் வேலை முடித்து, பழைய பாட்டரிகள் பத்தையும் ஏற்றிக்கொண்டு மச்சினன் இறங்கினான். மகள் பக்கத்தில் இருந்தாள். ஒரு வளைவில் சரளைக் கல் கொட்டிக் கிடந்தது. பிரேக் மிதித்ததும் முன்சக்கரங்கள் இறுகிப்போய்ச் சறுக்கின; ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை, பின்னாலிருந்து யாரோ நெட்டித் தள்ளுவது போல நேராகப் போய்ச் சிறுபாலத்துச் சுவரில் மோதியது. அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் பேச்சே வேறு. பெல்ட் போட்டிருந்ததால் குழந்தைக்கு உயிருக்கு ஒன்றுமில்லை. முன்பக்கம் ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லெவல் அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "அன்னைக்கே சொன்னேன். பழகாத வண்டியில பிள்ளையை ஏத்துவியா நீ? பிரேக்கு எதுன்னு தெரியாதவனெல்லாம் மலை ஏறலாமா?" அவர் மனைவியும் தம்பியைத் திட்டினாள். மச்சினன் சட்டையில் குழந்தையின் வாந்தி காய்ந்திருந்தது. "என் கால்தான் தப்பா மிதிச்சிருக்கு அத்தான்" என்று மட்டும் சொன்னான். உள்ளே கட்டிலில் படுத்திருந்த குழந்தைக்கு வராந்தாப் பேச்சு ஒன்று விடாமல் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் அப்பா ஓட்டுகிற எதிலும் ஏறவில்லை. அழுது அடம்பிடிக்கவெல்லாம் இல்லை. பள்ளிக்குப் போக மச்சினன் பைக்கை எடுத்தால், "நான் அம்மாகூட நடந்து வரேன்" என்பாள். "ஏன்மா?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு பிரேக் தெரியாதுன்னு மாமா சொன்னாங்க" என்றாள். டவர் கம்பெனியிலும் டிரைவர் தவறு என்று எழுதிக்கொண்டு வேறு ஆளை வைத்துவிட்டார்கள்.

இடிபட்ட வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து லெவலின் பட்டறையில்தான் விட்டார்கள். முன்பக்கத்தை டிங்கர் நிமிர்த்தட்டும், அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லெவல் பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். பட்டைகள் அப்படியே இருந்தன. ஷாக்கில் ஒரு கீறல் இல்லை. 'நம்ம வேலைக்கு ஒண்ணும் ஆகல' என்று திருப்திப்பட்டுக்கொண்டே பார்வையைத் திருப்பியவர், அந்த மெல்லிய கம்பியைப் பார்த்தார்.

பின்சக்கர பிரேக்குக்குப் போகிற எண்ணெயை ஒரு வால்வு அளந்து விடும். வண்டியில் பாரம் ஏறினால் சட்டம் தாழும், ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின்பிரேக்குக்கு அதிக எண்ணெய் போகும். இடைவெளி அதிகமாக இருந்தால் வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும். பின்பிரேக்கைப் பாதியில் நிறுத்திவிடும். வண்டியை நாலு விரல் தூக்கினால் அந்தக் கம்பியின் அடியையும் நாலு விரல் தூக்கி வைக்க வேண்டும். முப்பது வருஷமாக எத்தனையோ வண்டிகளுக்கு அவர் செய்த வேலை அது. இந்த வண்டிக்குச் செய்யவில்லை. பத்துப் பாட்டரி ஏறி, பாரம் முதுகை முறிக்கும்போதும், வண்டி காலியாகத்தான் இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டிருக்கிறது. மணல் மூட்டையை ஏற்றி ஒரே ஒரு தடவை பிரேக் அடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

லெவல் அங்கேயே மல்லாந்து கிடந்தார். வெளியே டிங்கர், "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார். எழுந்து வெளியே போனால் யார் முகத்தில் விழிப்பது என்று நினைத்தார்.

இந்த இடத்தில் எழுந்து வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. அவர் சொல்லவில்லை. டிங்கர் சாப்பிடப் போனதும், நாலு விரல் உயரத்துக்கு ஒரு இரும்புத் துண்டை வெட்டி, துளை போட்டு, கம்பியின் அடியில் வைத்து முடுக்கினார். புதிதாக வெட்டிய இரும்பு பளபளவென்றிருந்தது. கிரீஸைத் தொட்டு அதன் மேல் பூசினார். தரையிலிருந்து மண்ணை அள்ளி அந்தக் கிரீஸ் மேல் தேய்த்தார். பல வருஷமாக அங்கேயே இருந்த மாதிரி ஆகும்வரை தேய்த்தார். அடுத்தவர் வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் வாய் கொஞ்சம் அடங்கியது. மற்றவர்கள் அதை மருமகள் முறையாகிற குழந்தைக்கு அடிபட்ட கவலை என்று எடுத்துக்கொண்டார்கள். "பாவம், தம்பி வண்டியைத் தானே இழுத்துப் போட்டுச் சரி பண்றாரு" என்று மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அதைத் திரும்பச் சொன்னபோது, அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பிசைந்து பிசைந்து பாதியில் எழுந்தார். மச்சினன் வீட்டுக்கு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தையின் நல்ல கையில் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னதற்கு, "வேலை இருக்கு" என்று வாசலிலிருந்தே திரும்பினார். தெரு முனை வரும்வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். மறுநாளுக்கும் ஒரு மறுநாள் இருந்தது.

வண்டி தயாரானதும் மச்சினன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். காய்கறி மொத்த வியாபாரி, வண்டி வாங்க வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"வேலை கெட்டியா இருக்கே. இவ்வளவு செஞ்சுட்டு ஏன் தம்பி குடுக்கறீங்க?"

மச்சினன் யோசித்தான். பிறகு, அத்தானின் கேலியை வாங்கிக்கொள்ளும்போது சிரிப்பானே, அதே சிரிப்போடு சொன்னான். "வண்டில ஒரு குறையும் இல்லைங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. பிள்ளையை வச்சுக்கிட்டு இடிச்சுட்டேன். இனிமே ஸ்டியரிங்கைத் தொடப் போறதில்ல."

டிங்கரும் இருந்தார். அவர்கூடச் சிரிக்கவில்லை.

லெவல் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். "தப்பு இவன் மேல இல்ல. பின்னாடி பிரேக் பிடிக்கல. நான்தான் சரியா மாட்டாம விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். காரித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். டிங்கர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வியாபாரியிடம் திரும்பினார். "பார்த்தீங்களா? மச்சினன் அவமானப்படக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு. வாய்தாங்க அப்படி. மனசு தங்கம்."

"பெரிய மனசுங்க" என்றார் வியாபாரி.

மச்சினனின் கண் கலங்கிவிட்டது. லெவலின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அத்தான். எனக்காகப் பொய் சொல்லாதீங்க. உங்க தொழில் பேரு கெட்டுடும்" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அப்படியே விட்டுவிடலாமா என்று லெவலுக்கு ஒரு சபலம் வந்தது. சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. பேரும் கெடவில்லை, கூடவே ஒரு நல்ல பேரும் கிடைத்துவிட்டது. தன் கையைப் பிடித்திருந்த மச்சினனின் கையைப் பார்த்தார். தனக்கு இப்படி ஒரு யோசனை வந்ததே என்பது, செய்த தப்பைவிட அதிகமாக அவரைக் கூச வைத்தது.

"மூட்டையை ஏத்து" என்றார்.

இருபது மூட்டைகளையும் ஏற்றினார்கள். லெவல் வண்டிக்கு அடியில் போய், தான் வைத்த இரும்புத் துண்டை எடுத்துவிட்டு, கம்பியைப் பழைய இடத்தில் மாட்டினார். மைதானத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். மச்சினன் ஓட்டமாட்டேன் என்று பின்வாங்கினான்.

"நீதான் ஓட்டணும். நான் ஓட்டினா ஏதோ வித்தை காட்டுறேன்னு சொல்வாங்க. முப்பதுல வா. கோட்டுல மிதி. எப்பவும் மிதிக்கிற மாதிரி மிதி."

மச்சினன் வந்தான், கோட்டில் மிதித்தான். வண்டியின் மூக்கு தரையை முகர்கிற மாதிரி குனிந்தது, புழுதி கிளம்பியது, வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. லெவல் கோட்டிலிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணினார். முப்பத்து மூன்று அடி. முன்சக்கரங்கள் மண்ணை உழுதுகொண்டு போயிருந்தன. உழுத கோட்டின் மேலேயே பின்டயரின் அச்சு கொஞ்சமும் கலையாமல் பதிந்திருந்தது. பின்சக்கரங்கள் நிற்கப் பார்க்கவே இல்லை, அவை பாட்டுக்கு உருண்டிருந்தன.

மறுபடி அடியில் போனார். இரும்புத் துண்டை வைத்துக் கம்பியை முடுக்கினார். மச்சினன் அதே வேகத்தில் வந்து அதே கோட்டில் மிதித்தான். வண்டி மட்டமாக அமுங்கி நின்றது. இருபத்தொன்று.

மச்சினன் இறங்கி வந்து முதல் தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின்டயரின் அச்சை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு வண்டிக்குப் பின்னால் வந்து குனிந்து அந்த இரும்புத் துண்டைப் பார்த்தான்.

"இது பழசு மாதிரி இருக்கே?"

"பழசு மாதிரி ஆக்கினேன்."

அவன் யோசித்தான். இந்த முறை லெவல் அவன் பதிலை அவசரப்படுத்தவில்லை.

"எப்பத் தெரியும் அத்தான்?"

"வண்டியை இழுத்துட்டு வந்தாங்களே, அன்னைக்கு."

"பத்தொன்பது நாள்" என்றான் மச்சினன்.

டிங்கர் தன் டம்ளரைத் தேடி எடுத்துக்கொண்டு, லெவல் பக்கம் பார்க்காமல் தன் கடைக்குப் போனார். வியாபாரி செருப்பை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷமாகச் சேர்த்த பேர் அந்த மைதானத்தில் கிடந்தது. லெவலுக்கு அதைப் பற்றிக்கூட அப்போது வருத்தமில்லை. மச்சினன் ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவில்லை.

"பாப்பாகிட்ட நீங்க வந்து சொல்லுங்க" என்றான். "நான் சொன்னா, சமாளிக்கறேன்னு நினைப்பா."

மூட்டைகளை இறக்கிவிட்டு இருவரும் அந்த வண்டியிலேயே போனார்கள். மச்சினன் ஓட்டினான். அவன் மனைவி இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. பள்ளி விட்டு வந்த குழந்தை, கட்டுப் போட்ட கையை மேசை மேல் வைத்துக்கொண்டு இடது கையால் கோணல்மாணலாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். லெவல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவளுடைய பென்சிலை எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ஆக்சில், ஒரு சட்டம், நடுவில் ஒரு கம்பி என்று வரைந்தார். மாமா அந்தக் கம்பியைத் தப்பாக மாட்டிவிட்டதாகவும், அதனால் பின்பிரேக் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்போ அப்பா பிரேக் மிதிச்சாங்களா?"

"மிதிச்சாரும்மா. சரியாத்தான் மிதிச்சாரு. வேற யாரு ஓட்டியிருந்தாலும் அந்த வண்டி நின்னிருக்காது."

குழந்தை அப்பாவைப் பார்த்தாள். அவன் கதவோரம் நின்று சாவியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரியில நீங்க அப்பாவைத் திட்டினீங்களே மாமா?"

"அப்ப எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சப்புறம்? பிஸ்கட் குடுக்க வந்தீங்களே, அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

எத்தனையோ பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அவள் முகத்துக்கு எதிரே ஒன்றும் நிற்கவில்லை. "வெட்கமா இருந்துச்சும்மா. அதான் சொல்ல முடியல" என்றார்.

அவள் யோசித்தாள், அப்பாவைப் போலவே.

"அப்பாவுக்கும்தான் வெட்கமா இருந்துச்சு. ஆனா அப்பா எல்லார்கிட்டயும் சொன்னாங்களே, எனக்கு ஓட்டத் தெரியலன்னு. அவங்க பண்ணாத தப்பையே சொன்னாங்களே மாமா."

பெரியவர்களை எதிர்த்து அவள் இப்படி ஒரு வார்த்தை பேசிவிட்டால் மச்சினன் பொறுக்கமாட்டான். 'மாமாகிட்ட அப்படிப் பேசக் கூடாது' என்று உடனே ஒரு அதட்டல் வரும். அவன் வளர்ப்பு அப்படி. அந்த அதட்டலுக்காக லெவல் குனிந்த தலையோடு காத்திருந்தார். அது வந்தால் கொஞ்சம் நிமிரலாம் என்றுகூட இருந்தது. மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை.